நீறு கரைத்த நீர்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
18-9-1964

அன்பு மகள் கமலவேணிக்கு, அப்பா கோதண்டபாணி ஆசி கூறி எழுதுவது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. பதில் எழுத உட்கார்ந்தால் மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை. கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளனாக இருந்த காலத்துப் பழக்கப்படி, சொல்ல வேண்டியதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. உன் அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.
2. இங்கே தர்ம ஆஸ்பத்திரிக்கு நான் எழுதிக் கொடுத்த அறிவிப்புப் பலகையும், அதனால் நேர்ந்ததும்.
3. காலரா வார்டிலேயே இருக்கட்டுமா, லீவு போட்டுவிட்டு வரட்டுமா என்று நீ கேட்டதற்கு என் பதில்: உடனே புறப்பட்டு வா.

முதல் விஷயம். நாகப்பட்டினத்தில் உனக்குப் பிரசவ வார்டில் வேலை என்றுதான் இதுவரை அம்மாவிடம் சொல்லி வந்தேன். உன் கடிதத்தை வழக்கம்போல் உரக்கப் படித்தேன். உன்னோடு ஒரே அறையில் இருந்த நர்ஸ் காலராவில் இறந்துபோனதையும், இன்னும் இரண்டு பேர் ஊருக்குப் போய்விட்டதையும் தாண்டிக்கொண்டு போனேன். அம்மா தறியை நிறுத்திவிட்டு, “இன்னாங்க, ரெண்டாம் பக்கம் மட்டும் எக்ஸ்பிரஸ் மாதிரி ஓடுது? மறுபடி படிங்க” என்றாள். படித்தேன். அவள் அழவில்லை. “பெத்தவளுக்கு மட்டும் பிரசவ வார்டாக்கும்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “வரச் சொல்லி எழுதுங்க” என்றாள். அன்றிலிருந்து என்னோடு அதிகம் பேசுவதில்லை. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வருகிறது.

இரண்டாவது விஷயம். சர்வதீர்த்தக் குளத்தை அடுத்த தெருக்களில் வாந்திபேதி கண்டதும், தர்ம ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகை போட்டு நோயாளிகளைத் தனியே வைத்தார்கள். இருப்பது ஒரே டாக்டர், ராஜகோபால் என்ற இளைஞர். நர்ஸ் இடம் காலி. ஆயாக்களும் வார்டு ஆட்களும்தான் எல்லாம். அவர்களுக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. ஊசி போட்டுக்கொண்டால்தான் நோய் வரும் என்று ஒருவர் சொல்ல, காற்றிலேயே வரும் என்று இன்னொருவர் சொல்ல, பாதிப் பேர் வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். ஊழியர்கள் தங்களைக் காத்துக்கொள்வது எப்படி என்று மேலிடத்திலிருந்து வந்த சுற்றறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. டாக்டர் அதை என்னிடம் கொண்டுவந்து, தமிழில் நாலு வரியாக எழுதிக் கொடுங்கள், பலகையில் எழுதி மாட்டிவிடலாம் என்றார்.

பலமுறை திருத்தி எழுதினேன். பிளீச்சிங் பவுடர் என்பதைத் தமிழ்ப் பலகையில் அப்படியே எழுதக் கை வரவில்லை. சுண்ணாம்பை நீற்றிச் செய்வதுதானே, வெளுப்பு நீறு என்று இருக்கட்டும் என்று வைத்தேன். பலகை குறுகல், ஒரு சொல் குறையுங்கள் என்று பெயின்டர் கேட்டார். வெளுப்பை எடுத்துவிட்டேன். ‘நோயாளியைத் தொட்டபின் நீறு கரைத்த நீரில் கைகளைக் கழுவுக’ என்று கொட்டகை வாசலில் தொங்கிற்று. எழுத்துப் பிழை இருக்குமோ என்று நானே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன். பிழை இல்லை.

இந்த ஊரில் நீறு என்றால் யாருக்கு என்ன தோன்றும் என்பதை நான் யோசிக்கவில்லை அம்மா. வார்டு ஆள் முனிரத்தினம் பலகையைப் படித்துச் சொல்ல, ஆயாக்கள் கைகூப்பிக் கேட்டார்களாம். ஏகாம்பரநாதர் கோயிலிலிருந்து விபூதி கொண்டுவந்து, பேசினில் கரைத்து, ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் அதில் பயபக்தியோடு கை நனைத்திருக்கிறார்கள். ஒருவர் கூடத் தவறவில்லை. பவுடர் டின் ஸ்டோர் ரூமில் மூடி திறக்காமல் இருந்தது. ஸ்ட்ரெச்சர் தூக்கும் ஹபீபுல்லா மட்டும், “அது உங்க சாமி சமாச்சாரம்பா, நான் சோப்பைப் போட்டுக்கறேன்” என்று குழாயடிக்குப் போய்விடுவாராம். “பாய் சோப்பு போட்டு மாப்பிள்ளைக் கோலத்துல கெளம்பிட்டாருடோய்” என்று இவர்கள் கேலி செய்வார்களாம்.

கங்கையம்மாள் என்ற ஆயா வாந்தியெடுத்துச் சுருண்டு விழுந்த பிறகுதான் டாக்டர் என்ன நடக்கிறது என்று பார்த்தார். நேற்று மாலை முனிரத்தினம் நம் வீட்டு வாசலில் வந்து நின்றான். “நீறுன்னா விபூதிதானே மொதலியாரே? கெணத்துல போடுற பவுடருன்னு எழுதியிருந்தா ஆயிப்போச்சு. முனிசிபாலிட்டி ஆளு ஊட்டுக்கு ஊடு கொட்டிக்கினு போறானே, பச்சைக் கொழந்தைக்கும் தெரியும்” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. என்னைத் தேற்றுவதற்காகச் சிரித்துக்கொண்டே சொன்னான். அதுதான் தாங்கவில்லை.

இவ்வளவும் காலையில் எழுதினேன். அதற்குமேல் பேனா ஓடாமல், மூடிவைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போய் இப்போதுதான் திரும்பினேன்.

உள்ளே நுழையத் தைரியம் வரவில்லை. தட்டிக்கு வெளியே நின்றேன். கங்கையம்மாள் கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. கண்கள் குழிந்து, வேறு யாரோ போல இருந்தாள். சிறுநீர் பிரிந்துவிட்டது, இனிப் பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொன்னார். அவளுக்குத் தொற்று விபூதித் தண்ணீரால்தான் வந்ததா, குளத்தங்கரையில் இருக்கும் அவள் வீட்டிலேயே வந்ததா என்பதைச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். நல்ல மனிதர். பலகையில் இப்போது கிணற்றுப் பவுடர் என்று சாக்கட்டியால் எழுதியிருக்கிறது. பேசின் அருகே முனிரத்தினத்தை நிறுத்தி, வருகிறவர்களுக்கெல்லாம் கழுவிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

மன்னிப்புக் கேட்கப் போனவன் நான். கங்கையம்மாள் முந்திக்கொண்டாள். “இன்னாத்துக்கு மொதலியாரே இங்க வந்து நிக்கிறீங்க, ஒட்டிக்கும், போங்க” என்றாள். நான் நகரவில்லை. அவள் மூச்சு வாங்கிவிட்டு, “எங்களுக்கும் சந்தேகம்தான். விபூதிக்கு இந்த நோவு போவுமான்னு. யாரைக் கேக்கறது? டாக்டரு ஓடிக்கினே இருக்காரு. ஒரு நர்ஸம்மா இருந்தா கேட்டிருப்போம். உங்க பொண்ணு எந்த ஊர்லியோ நர்ஸா இருக்குதாமே, அந்த ஊரு ஆயாங்க குடுத்து வெச்சவங்க” என்றாள்.

மூன்றாவது விஷயத்துக்கு நான் காரணங்கள் சேர்த்து வைத்திருந்தேன். நீ எங்களுக்கு ஒரே பெண். லீவு உனக்கு உரிமை. உங்கள் ஆஸ்பத்திரி சூப்பிரண்டே போகலாம் என்று சொல்லிவிட்டார். உன்னோடு இருந்த பெண்ணை எடுத்துக்கொண்டுபோன நோய் உன்னை மட்டும் விட்டுவிடும் என்பதற்கு என்ன உறுதி? இவை எல்லாம் இப்போதும் உண்மைதான். ஒன்றுக்கும் என்னிடம் மறுப்பு இல்லை.

ஆனால் உன் கடிதத்தில் செல்லியம்மாள் என்ற ஆயாவைப் பற்றிக் குறைபட்டிருந்தாய். இதைத் தொடலாமா, இதை எங்கே கொட்டுவது, இதில் குடிக்கலாமா என்று நாளெல்லாம் உன் பின்னாலேயே வந்து பிராணனை வாங்குகிறாள் என்று. செவ்வாய்க்கிழமை அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கொட்டகையிலிருந்து நடந்து வரும்போது அந்த வரிதான் கூடவே வந்தது. நீ புறப்பட்டுவிட்டால் அவள் யாரைக் கேட்பாள்?

ஆகவே நீ அங்கேயே இரு, மகளே. அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். எப்படி என்று இன்னும் தெரியவில்லை.

அங்கே பலகை எழுதி மாட்டியிருந்தால் அதை நம்பிவிடாதே. என்ன செய்யப் போகிறாய், செய்து காட்டு என்று ஒவ்வொருவரையும் கேள். செல்லியம்மாள் எத்தனை தடவை கேட்டாலும் முகம் சுளிக்காதே. உன் விஷயத்திலும் கவனமாக இரு. நிற்க முடியாமல் களைத்திருக்கும்போதுதான் கை கழுவாமல் சாப்பிட உட்காரத் தோன்றும். இரண்டாவது ஊசி போட்டுக்கொண்டாயா என்று எழுதவில்லையே.

எனக்கு ஒன்று செய். வாரம் தவறாமல் ஒரு கார்டு போடு. சமாசாரம் எதுவும் வேண்டாம். விலாசம் மட்டும் உன் கையெழுத்தில் இருந்தால் போதும். கார்டு வராவிட்டால் நான் அங்கே வந்துவிடுவேன். தனியாக ரயில் ஏறி எனக்குப் பழக்கம் இல்லை, உனக்குத் தெரியும். என்னை வரவைத்துவிடாதே, கண்ணு.

காமாட்சி உன் இரண்டு கைகளையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
கோதண்டபாணி

பி.கு. முதல் பக்கத்தில் மூன்றாவது என்று எண் போட்டு எழுதியிருப்பதை அடித்துவிடலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். உன்னை வா என்று கூப்பிட நினைத்தேன் என்பது உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் அப்படிக் கூப்பிட நினைத்தது தவறு.