பாடம் தெரியாத ஆள்

ஜூன் 3, செவ்வாய்

பம்பு தண்ணியை உறிஞ்சலையாம்! உறிஞ்சலைன்னா பின்னே தண்ணி படியேறியா வந்துச்சு? நாப்பத்திரண்டு வருஷம் பம்பு மாட்டினவன்கிட்டயே சொல்றியே, டீச்சரம்மா!

புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பாடம் நடத்தும் மருமகள் கல்லூரிக்குப் போய்விட்டாள். பதிலை யாரிடம் சொல்வது? இந்த நோட்டிடம்தான்.

விஷயம் இது. பம்பு பாடத்துக்கு இத்தனை நாள் வைத்திருந்த விலைப் புத்தகத்தை விட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் சும்மா கிடைக்கிற ஒன்றை வைக்கலாமா என்று அவள் பார்த்துச் சொல்லவேண்டும். அதற்கு ஒரு படிவம். கடைசிக் கட்டம்: 'பாடம் தெரியாத ஒருவர் படித்தால் புரிகிறதா?'

அந்த ஒருவர் நான்தானாம்.

"எனக்கா பம்பு தெரியாது?"

"பம்பு தெரியும் மாமா. பாடம் தெரியாதுல்ல? எட்டாவதோட நின்னவர்தானே?"

மூன்றாம் பாடம் வரை படித்தேன். கோபத்தில் அந்தக் கட்டத்தில் அஞ்சுக்கு ஒன்று மார்க் போட்டேன். ஓசின்னா இப்படித்தான்.

ஜூன் 4

மூன்றாம் பாடத்தைத் திரும்பப் படிக்கிறேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான்.

ஜூன் 5

அடப்பாவி.

பம்பு குழாய்க்குள்ளே அழுத்தத்தைக் குறைக்குது, அவ்வளவுதான். வெளியே இருக்கிற காற்று கிணற்றுத் தண்ணியை அமுக்கி மேலே தள்ளுது. காற்றுக்கு உள்ள பலம் அவ்வளவுதான். அதனால்தான் கிணற்றிலிருந்து பம்பு வரை இருபத்தஞ்சு அடிக்கு மேல் ஏறுவதில்லை.

அந்த இருபத்தஞ்சு அடி என் கைக்குத் தெரியும். ஏன் என்று தெரியாது. கேட்டவர்களிடமெல்லாம் "மோட்டாருக்கு வயசாயிடுச்சு" என்று சொல்லிவைத்தேன். எத்தனை நல்ல மோட்டார்களை அவமானப்படுத்தியிருக்கிறேன்!

இந்தப் புத்தகத்தை எழுதினது ஒரு அம்மா. சண்டைக்கு வந்தவனுக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்த மாதிரி எழுதியிருக்கிறாள்.

ஜூன் 6, வெள்ளி

மாட்டிக்கிட்டாங்க புத்தகம் எழுதின அம்மா! ஐந்தாம் பாடத்தில், தண்ணீர் வெளியேறும் வால்வை முழுக்கத் திறந்துவிட்டு மோட்டாரைப் போடச் சொல்கிறாள். உள்ளே சக்கரம் சுழலுகிற இந்த வகைப் பம்புக்கு வால்வை மூடிவைத்துப் போடணும். ஓடி நிதானத்துக்கு வந்த பிறகு மெல்லத் திறக்கணும். இல்லையென்றால் எடுத்த எடுப்பிலேயே மோட்டார் தலையில் முழுப் பாரம்.

துள்ளிக் குதித்துக்கொண்டு போய்ச் சொன்னேன். மருமகள் முகம் விழுந்துவிட்டது.

"திங்கக்கிழமை எந்தப் புத்தகம்னு முடிவு பண்ற கூட்டம் மாமா. ஓசிப் புத்தகத்துல தப்பு இருந்தா யார் பொறுப்புன்னு துறைத்தலைவர் இப்பவே கேக்கறார். இது தெரிஞ்சா புத்தகம் அவ்வளவுதான்."

"அப்ப எழுதாம விட்டுடு."

"பசங்க நாளைக்கு நிஜ மோட்டார்ல கை வைப்பாங்க. எப்படி விடறது?" என்றவள், அந்தத் தப்பைப் படிவத்தில் எழுதியே விட்டாள்.

எங்களுக்குக் கிடைத்த மருமகள் தங்கம். அவளிடம் சொல்லவில்லை. தலைக்கனம் வந்துவிடும்.

புத்தகத்தின் கடைசியில் 'தவறு கண்டால் எழுதுங்கள்' என்று ஒரு முகவரி. நான் சொல்லச் சொல்ல அவளே தட்டி அனுப்பினாள்.

ஜூன் 8

பதில் இல்லை. போனை நாற்பது தடவை பார்த்தாயிற்று. என் போன் இல்லை, அவள் போன்.

ஜூன் 9, திங்கள்

விடிந்ததும் வந்தது! 'ஐயா, நீங்கள் சொன்னதே சரி. என் தவறு. திருத்திவிட்டேன்.'

திறந்து பார்த்தால் பாடமே மாறியிருக்கிறது. கீழே, 'திருத்தம் சொன்னவர்: ஒரு பம்பு மெக்கானிக்.' இவ்வளவு படித்தவள், தப்புன்னு சொன்னதும் ஆமான்னுட்டாளே! நான் ஒரு தடவையாவது சொல்லியிருப்பேனா?

விலைப் புத்தகத்தையும் புரட்டினேன். ஏழாம் பதிப்பு. அதிலும் அதே வால்வு 'ஆ'வென்று திறந்து கிடக்கிறது. யாரிடம் சொல்ல? முகவரி இல்லை.

ஒன்றை அடித்துவிட்டு அஞ்சு போட்டேன். இரண்டு புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு மருமகள் கூட்டத்துக்குப் போனாள்.

மாலை வந்தாள். இரண்டு புத்தகத்தின் வால்வுப் பக்கத்தையும் அருகருகே வைத்துக் காட்டினாளாம். துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம், ரொம்ப நேரம். பிறகு ஓசிப் புத்தகத்துக்கே கையெழுத்துப் போட்டாராம்.

ஜூன் 12

பம்புக்கே இன்னொரு ஓசிப் புத்தகம் வந்திருக்காம். கடைசிக் கட்டத்துக்கு நான் தயார் என்றேன்.

"நீங்க வேண்டாம் மாமா."

"ஏம்மா?"

"அதுக்குப் பாடம் தெரியாத ஆள்தான் வேணும்." பையைத் தோளில் மாட்டினாள்.

"எனக்கு என்னம்மா தெரியும்? காத்து தள்ளுது, அது தெரியும். மலைமேல காத்து கம்மி, அதனால அங்க இருபத்தஞ்சு அடிகூட ஏறாது, அதுக்கு என்ன செய்யணும்னா—"

கேட் சாத்துகிற சத்தம் கேட்டது.