சிவப்பில் தீட்டிய ஊற்று

அனுப்புநர்:
சி. ராசாத்தி,
க/பெ. சின்னன்,
தலைச்சோலை கிராமம்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
சேலம்.

பொருள்: அஞ்சல்வழிப் பாடத்துக்காக நான் வரைந்து அனுப்பிய நிலப்படம் எஸ்டேட்டார் கைக்குப் போனது – அதைக் காட்டி ஊரார் குடிக்கும் ஊற்றுக்கு வேலி போட்டது – வேலியை அகற்றவும், படம் போன வழியை விசாரிக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா அவர்களுக்கு வணக்கம்.

1. நான் மேற்படி கிராமத்தில் காப்பியும் சாமையும் பயிரிட்டுப் பிழைக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவள். எட்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். இம்மனுவை என் கையாலேயே எழுதுகிறேன். மனு எழுதிக் கொடுப்பவர்களிடம் நான் போகவில்லை. அவர்களில் யார் யாருக்கு வேண்டியவர் என்று எனக்குத் தெரியாது.

2. சென்ற ஆண்டு மலைச்சாரல் அஞ்சல்வழிக் கல்வி நிலையம் என்ற தனியார் அமைப்பு எங்கள் பகுதிப் பெண்களுக்கு விவசாயப் பாடம் தொடங்கியது. பாடம் தபாலில் வரும். விளக்கம் கேசட்டில் வரும். அமைப்பாளர் திரு. ராஜேந்திரன் டேப் ரிக்கார்டரைக் கொண்டுவந்து போட்டுக் காட்டுவார். அந்தப் பெட்டி பேசுவதோடு நிற்கிறதா, நாங்கள் பேசுவதையும் பிடித்துக்கொண்டு போகிறதா என்று முதல் நாளே கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த கேசட்டைப் போட்டார்.

3. குறை சொல்ல வந்த இடத்தில் உள்ளதையும் சொல்ல வேண்டும். இந்தப் பாடத்தில் பரீட்சை இல்லை, மனப்பாடம் இல்லை. அன்றாடம் செய்கிற வேலையையே பாடமாகச் செய்து, செய்த விதத்தை எழுதி அனுப்ப வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புவதற்குப் பஸ் நேரம் பார்ப்பது ஒரு பாடம். பூச்சிமருந்து டப்பாவில் அச்சிட்டிருப்பதைப் படித்து அளவாகக் கலப்பது இன்னொரு பாடம். பக்கத்து வீட்டுக் குப்பாயி அதுவரை கண்ணளவில் கலந்து தலைசுற்றிப் படுப்பவர், இப்போது மூடியில் அளந்து ஊற்றுகிறார். பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட இது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்துப்போனதால்தான் ஏமாந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

4. நான்காம் பாடம் நிலப்படம். ‘உங்கள் நிலத்தை உள்ளது உள்ளபடி வரைக. உங்களுக்குச் சொந்தமானதைப் பச்சையிலும் பிறருக்குச் சொந்தமானதைச் சிவப்பிலும் தீட்டுக’ என்று இருந்தது. வண்ணப் பென்சில்களையும் அவர்களே அனுப்பினார்கள். என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, “இன்னைக்குப் படத்தைக் கேக்கறவன் நாளைக்குக் காட்டையே கேப்பான், பாத்துக்க” என்றார். நான் கேட்கவில்லை. காப்பிச்செடி, பலாமரம், வரப்பு எல்லாவற்றையும் பச்சையில் தீட்டினேன். நிலத்தின் மேற்புற ஓரத்தில் உள்ள ஊற்றையும் அதைச் சுற்றிய மரங்களையும் சிவப்பில் தீட்டினேன்.

5. அதற்கான காரணத்தைத் தாங்கள் அறிய வேண்டும். அந்த ஊற்று சாமிக்கு விட்ட இடம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் தண்ணீர் மொள்ளப் போவோம். காப்பிப்பழம் பறிக்கத் தொடங்கும் அன்று முதல் கைப்பிடியை அங்குள்ள கல்லின்மேல் வைப்போம். ஊர் முழுவதும் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். ஆனால் எங்களில் ஒருவரும் அதைத் தம்முடையது என்று வாயால் சொல்லமாட்டார். சொன்னால் வற்றிவிடும் என்பது எங்கள் நம்பிக்கை. அதற்குப் பச்சை தீட்ட என் கை வரவில்லை. பிறர் என்று நான் நினைத்தது சாமியை. அதைப் படத்தில் எழுதிக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, எங்கள் ஊரில் அதை யாருக்கும் சொல்ல வேண்டியிருந்ததே இல்லை.

6. மற்றப் பாடங்கள் எல்லாம் திருத்தப்பட்டுத் திரும்பி வந்தன. இந்தப் படம் மட்டும் வரவில்லை. பத்துக்குப் பத்து என்று ஓர் அட்டை மட்டும் வந்தது. முழு மதிப்பெண் வாங்கும் அளவுக்கு நான் படம் வரைகிறவள் அல்ல. அப்போதே மனதில் சுருக்கென்றது.

7. தை மாதம் முடிந்ததும், எங்கள் நிலத்துக்கு மேற்புறம் உள்ள எஸ்டேட்டார் ஊற்றைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு மோட்டார் வைத்தார்கள். கேட்கப் போன எங்களிடம் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் திரு. கோவிந்தராஜ் ஒரு ஜெராக்ஸ் தாளை விரித்தார். அது என் படம். ஜெராக்ஸில் நிறம் வராததால், சிவப்பு மட்டும் மை பூசிப் புதிதாகத் தீட்டப்பட்டிருந்தது. “ஏனுங்கம்மா, இது நீங்க போட்ட படந்தானுங்க? செவப்பு அடுத்தவங்க எடம்னு நீங்களே காட்டியிருக்கறீங்க. அந்தப் பக்கம் எங்களத் தவுர வேற ஆருங்க இருக்கறாங்க?” என்று மரியாதையாகத்தான் கேட்டார். ஊர்க்காரர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

8. அந்த இடத்துக்கு எங்களிடம் பட்டா இல்லை. எஸ்டேட்டாரும் பட்டா எதையும் காட்டவில்லை. அவர்கள் காட்டியது என் படத்தை மட்டும்தான்.

9. படம் அங்கே போன விதத்துக்கு என்னிடம் சாட்சி இல்லை. சந்தேகம் இருக்கிறது, அதை மறைக்காமல் எழுதுகிறேன். கல்வி நிலையம் நடப்பது அதே எஸ்டேட்டாரின் கட்டடத்தில். மழைநாளில் அமைப்பாளர் எங்கள் ஊருக்கு வந்தது அவர்களுடைய ஜீப்பில். என்னோடு படித்த தனலட்சுமியின் நிலம் மலைக்குக் கீழ்ப்புறம் இருக்கிறது, அங்கே ஊற்று கிடையாது. அவர் வரைந்த படம் ஒழுங்காகத் திரும்பி வந்துவிட்டது. அமைப்பாளரிடம் கேட்டதற்கு, “பாடத்துக்குப் போட்ட படமுங்க அது. அத வெச்சுக்கிட்டு ஆராச்சும் வேலி போடுவாங்களா?” என்றார். வேலி போட்டிருப்பதை அவரும் வரும் வழியில் பார்த்துவிட்டுத்தான் வந்தார். பேசும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

10. இப்போது பள்ளத்தில் தேங்கும் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கிறோம். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. காரணம் நான் என்று என் முகத்துக்கு நேராக யாரும் சொல்வதில்லை. ஆனால் பள்ளத்துக்குப் போகும்போது என்னை யாரும் கூப்பிடுவதும் இல்லை.

11. ஆகவே அய்யா அவர்கள் வேலியை அகற்ற உத்தரவிட வேண்டுகிறேன். எங்கள் வாழ்க்கையையே பாடமாகக் கேட்டு வாங்கியவர்கள், வாங்கியதை யாரிடம் கொடுத்தார்கள் என்றும் விசாரிக்க வேண்டுகிறேன். விசாரணைக்கு வரும் அலுவலர் எஸ்டேட் பங்களாவில் தங்காமல், அவர்கள் ஜீப்பில் ஏறாமல், பஸ்ஸில் வந்தால் எங்களுக்கு நம்பிக்கை வரும். பஸ் நிற்குமிடத்துக்கு நானே வந்து அழைத்துப் போகிறேன். ஊற்றுக்கு வரும்போது செருப்பை மட்டும் கழற்றச் சொல்லவும்.

12. கடைசியாக ஒன்று. அந்த நிலையத்தாரின் இறுதிப் பாடம் சென்ற வாரம் வந்தது. ‘உங்கள் ஊரில் உண்மையாகவே உள்ள ஒரு குறையை அதிகாரிக்கு மனுவாக எழுதி எங்களுக்கு அனுப்புக. சிறந்த மனுவுக்குப் பரிசு உண்டு’ என்று அதில் கேட்டிருக்கிறார்கள். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று இம்மனுவை வரிசையாக எழுதியது அந்தப் பாடத்தைப் பார்த்துத்தான். முகவரி அச்சிட்ட உறையும் கூடவே வந்தது. அதில் இதைப் போடவில்லை. ஏற்காட்டில் தபாலிலும் சேர்க்காமல், சேலத்துக்கு வந்து தங்கள் கையிலேயே தருகிறேன். இந்தப் பாடத்துக்கு எனக்கு மதிப்பெண் வேண்டாம் அய்யா. தண்ணீர் கிடைத்தால் போதும்.

நாள்: 17-4-1989
இடம்: தலைச்சோலை

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
சி. ராசாத்தி

(இம்மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட ரசீது தந்தால்தான் இங்கிருந்து கிளம்புவேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.)