எரிகிற வீடு, ஆறுகிற வீடு

மார்ச் 4
ஜப்பூரி, இந்த வாரம் உன் முறை இளையவள் கிஸ்மா வீட்டில். ஊருக்கு நீ அபூ ஃபலாஹ், அவள் பெற்ற ஃபலாஹின் தகப்பன். எனக்குப் பிள்ளை இல்லை. அதனால் நான் மட்டும் ஜப்பூரி என்பேன். இன்னும் ஆறு நாள்.

மார்ச் 10
வந்தாய். முதுகெல்லாம் கொப்புளம். வாய்க்குள்ளும். சட்டையைக் கழற்றினால் தோலும் கூடவே வருகிறது. "கரண்ட் இல்ல. கிஸ்மா தூங்காம விசிறிக்கிட்டே இருந்தா" என்றாய். நான் கேட்டேனா?

மார்ச் 12
பஸ்ரா நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். உனக்கு உள்ளே கட்டுப் போடும்போது டாக்டரம்மா என்னிடம் சொன்னாள்:
"குளிர்காலத்துல தொடங்கின ரத்தக்கொதிப்பு மாத்திரைதான் இதைக் கிளப்பி விட்டிருக்கு. அவர் உடம்பே அவர் தோலைப் பகையா நினைச்சு அழிக்குது. உடனே நிறுத்துங்க. வேற எழுதித் தரேன்."
"அவருக்கு ரெண்டு வீடும்மா."
"அப்ப ரெண்டு வீட்லயும் சொல்லுங்க."
தலையாட்டினேன்.
என் வீட்டு மாத்திரையை அடுப்பில் போட்டேன். அவள் வீட்டிலும் அதே மாத்திரை இருக்கிறது. நீ எதையும் கேட்கிறவன் இல்லை. யார் நீட்டினாலும் விழுங்குவாய்.

மார்ச் 16
புதுக் கொப்புளம் இல்லை. மீனும் சோறும் இரண்டு கவளம் இறங்கியது. நாளை அங்கே போகிறாய். நான் யாரிடமும் சொல்லவில்லை. அங்கே எரியட்டும், இங்கே ஆறட்டும். எது உன் வீடு என்று உன் தோலே உனக்குச் சொல்லட்டும்.

மார்ச் 24
அவளே கொண்டுவந்து விட்டாள். புண் இரண்டு மடங்கு. "அக்கா, நான் எல்லாம் சரியாத்தானே செய்யறேன்?" என்று அழுதாள்.
"உன் கைராசி அப்படி" என்றேன்.

ஏப்ரல் 2
அங்கிருந்து ஆள் வந்தது. காய்ச்சலாம், புண்ணெல்லாம் சீழாம். ஓடினேன். அவள் கையில் தம்ளரும் அந்த மாத்திரையும். குடுக்காதடி, குடுக்காதடி — கத்தினேன். ஐயோ, எத்தனை நாள் கழித்து!

ஏப்ரல் 5
போய்விட்டாய்.

ஏப்ரல் 8
துக்கத்தின் மூன்றாம் நாள். பெண்கள் எல்லோரும் எழுந்து போனதும் கிஸ்மாவிடம் சொல்லிவிட்டேன், டாக்டர் சொன்னதை, நான் மறைத்ததை. அடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் அடிக்கவில்லை.
"அக்கா வீட்ல ஆறுது, இங்க வந்தா எரியுதுன்னு அவரே சொன்னார். அப்ப அங்கயே இருங்களேன்னு கெஞ்சினேன். சிரிச்சார். முறை வந்ததும் மறுபடி இங்கயே வந்து நின்னார்."
பிறகு முக்காட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

உன்னைக் கொன்றுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்தப் பாழும் மனசு அதற்கு அழாமல் வேறொன்றைக் கேட்கிறது. எரியும் என்று தெரிந்தும் போனாயே, ஜப்பூரி — முறை தவறக் கூடாது என்று போனாயா, அவளுக்காகப் போனாயா?