இரண்டு உயிர் மிச்சமிருந்த ஈட்டிக்காரன்

உன் போன் என் மேசைமேல் இருக்கிறது. நீ சுற்றி வைத்த பாலித்தீன் உறை, அதன் மேல் இரண்டு ரப்பர் பேண்டு, எல்லாம் அப்படியே. நேற்று சுமதி கொண்டுவந்து கொடுத்தாள். "அண்ணே, இதுல பாப்பாவோட போட்டோல்லாம் கீது. எப்பிடியாவது எடுத்துக் குடு. எனுக்கு இத்தத் தொறக்கவே கை வரல" என்றாள். உன் மனைவி எதற்கும் கை வராதவள் இல்லை என்று உனக்கே தெரியும். காசிமேட்டு மீன் ஏலத்தில் அவள் குரலுக்கு எதிரே நிற்க ஆள் கிடையாது. அவளே கை வரவில்லை என்கிறாள், நீ போய் எட்டு மாதம் கழித்து.

உறையைப் பிரித்ததும் டீசல் வாடையும் உப்பு வாடையும் சேர்ந்து வந்தன. நீ கடலுக்குப் போவதை நிறுத்திய பிறகும் இரண்டு வருடம் இதே உறையில்தான் போனை வைத்திருந்தாய். ஆஸ்பத்திரிக்கும் இதோடுதான் வருவாய். "இங்க இன்னா அலையா அடிக்குது?" என்று கேட்டால், "பழக்கம் பாய், வுடு" என்பாய். சார்ஜ் ஏற்றி, பூட்டுக்கு நீ வைத்திருந்த நங்கூரக் கோலத்தை விரலால் வரைந்து திறந்தேன். போட்டோவைத் தேடப் போன விரல் நம் படை ஆட்டத்தைத் தொட்டுவிட்டது. 'உன் முறை' என்று ஆங்கிலத்தில் காட்டியது.

இந்த ஆட்டம் நமக்குப் பிடித்ததற்குக் காரணமே ஒரு கம்ப்யூட்டருக்குத்தான் நம்மால் வாடகை கொடுக்க முடிந்தது என்பதுதான். திருவொற்றியூரில் மாடிப்படிக்குக் கீழே இருந்த அந்த பிரவுசிங் சென்டரில் மற்றவர்கள் ஆளுக்கொரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து துப்பாக்கி ஆட்டத்தில் சுட்டுக்கொண்டிருப்பார்கள். நமக்கு அப்போது இருபது வயது இருக்கும். ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் பாதிப் பாதி உட்கார்ந்து, நீ ஒரு முறை, நான் ஒரு முறை என்று படையை நகர்த்துவோம். நீ ஆடும்போது நான் சுவரைப் பார்க்க வேண்டும், நான் ஆடும்போது நீ. நான் ஒழுங்காகச் சுவரைத்தான் பார்த்தேன். நீ பார்க்கவில்லை என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்.

முதல் நாளிலிருந்தே எனக்குக் குதிரைக்காரர்கள். ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு விலை, ஒரு பலம், இத்தனை உயிர் என்று போட்டிருக்கும். பலத்தை விலையால் வகுத்து ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். பிற்பாடு எண்ணூரில் கன்டெய்னர் பெட்டிகளை எந்த அடுக்கில் வைப்பது என்று திட்டம் போடும் வேலைக்குப் போனவன் வேறு எப்படி ஆடுவான்? என் தாளின்படி குதிரைக்காரன்தான் லாபம். நீ தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. என் ஒரு குதிரைக்காரனின் விலைக்கு மூன்று ஈட்டிக்காரர்களை வாங்கி மேட்டின்மேல் நிறுத்திவிட்டு, பாதி பீடியைப் பற்றவைத்தாய். குதிரையைப் பார்த்தால் ஈட்டிக்கு இரட்டிப்புப் பலம் என்பதை நான் அன்றைக்குத்தான் கற்றேன். என் ஐந்து குதிரைகளும் போயின.

"இன்னா பாய், உன் பேப்பர் இன்னா சொல்லுது?" என்றாய்.

எரிச்சலாக இருந்தது. நீ சொன்ன அடுத்த வார்த்தை மட்டும் இருபது வருடமாக நினைவில் இருக்கிறது. "வெலய பாக்காத பாய். சண்ட முடிஞ்சி எத்தினி பேரு வூட்டுக்கு வரான்னு பாரு. திரும்பி வர்றவன்தான் சல்லிசு."

சரிதான். ஆனால் உன் கணக்கிலும் ஒரு ஓட்டை இருந்தது, அதன் பெயர் கிழவன். ஒவ்வொரு ஆட்டத்திலும் நீ வாங்கும் முதல் ஈட்டிக்காரனுக்கு அந்தப் பெயர்தான் வைப்பாய். உன் முதல் நகரத்துக்கு எப்போதும் காசிமேடு என்று பெயர். கிழவன் எங்காவது போய் அடிவாங்கி இரண்டு உயிர் மிச்சத்தில் நிற்பான். விட்டுவிட்டுப் புதிதாக ஒருவனை வாங்குவதுதான் புத்தி. நீயோ நல்ல வீரர்களாக நான்கு பேரை முன்னணியிலிருந்து உருவி, அவனை அழைத்துவர அனுப்புவாய். அதற்குள் நான் உன் பக்கத்து நகரத்தைப் பிடித்துவிடுவேன். இப்படி நீ தோற்ற ஆட்டங்களுக்கு அளவே கிடையாது.

ஒருநாள் எனக்கே பொறுக்கவில்லை. "யோவ், அவன் வெல இன்னா, நீ அனுப்புற படையோட வெல இன்னா? அறிவு கீதா உனக்கு?" என்று கத்தினேன். சென்டர்காரர் எட்டிப் பார்த்தார்.

நீ கோபப்படவில்லை. நீ அப்போது விசைப்படகில் டிரைவராகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. போன மாதம் நடுக்கடலில் உங்கள் இன்ஜின் நின்றுபோனதைச் சொன்னாய். பார்த்துப் பழகாத ஒரு படகு வந்தது. அவர்களுக்கு வலையில் மீன் விழுந்துகொண்டிருந்த நேரம். அவர்கள் வலையை ஏற்றிவிட்டு உங்களுக்குக் கயிறு வீசி, ஒரு பகல் முழுக்க இழுத்துக்கொண்டு வந்து கரையில் விட்டார்கள். "எந்த ஊரு போட்டுன்னுகூட கேக்கல பாய். நின்னு போச்சின்னா கயிறு போடணும், அவ்ளோதான். அங்க போயி யாரு வெல பாப்பான்?" என்றாய். பிறகு திரையைக் காட்டி, "இவனும் நின்னு போயி கீறான்" என்றாய். நான் தலையில் அடித்துக்கொண்டேன். படம் போட்ட ஒரு பொம்மைக்குக் கடல் சட்டம் பேசுகிற ஆளை என்ன செய்வது?

அப்புறம் ஆட்டம் போனுக்கு வந்தது. ஆளுக்கொரு போன், அவரவர் வீட்டிலிருந்தே ஆடலாம். நீ ஆடி முடித்தால் என் போன் 'டிங்' என்று ஒலிக்கும். நீ கடலுக்குப் போனால் சிக்னல் கிடையாது. பத்து நாள், பன்னிரண்டு நாள், உன் முறை அப்படியே நிற்கும். கரை நெருங்கி சிக்னல் கிடைத்ததும் நீ முதலில் செய்வது ஒரு நகர்த்தல். மணலிச் சாலையில் டேங்கர் லாரிகளுக்கு நடுவே பைக்கில் போய்க்கொண்டிருக்கும்போது பாக்கெட்டில் 'டிங்' கேட்டால், நீ வந்துவிட்டாய். ஓரமாக நிறுத்தி சுமதிக்குப் போன் போடுவேன். "வந்துட்டான்மா."

ஒரு தடவை புயல் எச்சரிக்கை விட்டிருந்தார்கள். உங்கள் படகோடு சேர்த்து மூன்று படகுகள் வரவில்லை. சுமதி படகுத் துறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் கன்டெய்னர் யார்டில் பெட்டிகளின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரே வரியை ஒரு மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'டிங்.' நீ நகர்த்தியிருந்தது கிழவனைத்தான், ஒரே ஒரு கட்டம். நான் கழிப்பறைக்குள் போய் அழுதுவிட்டு வந்து என் முறையை ஆடினேன். இதை நான் உன்னிடம் சொன்னதில்லை.

சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று சொன்ன பிறகு நீ கடலுக்குப் போகவில்லை. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். சுமதி ஏலத்தை முடித்துவிட்டு ஓடிவருவாள். நான் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு உன்னை பைக்கில் கொண்டுபோய் விடுவேன். மூன்றாவது மாதம் ஒரு வியாழக்கிழமை, எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வரிசை நகராமல் நின்றபோது, நீ வண்டியிலிருந்து இறங்கி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாய். நான் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்தேன்.

"போதும் பாய். அவளும் பேஜாராவறா, நீயும் பேஜாராவற. நா இப்ப ரெண்டு உசுரு மிச்சம் கீற ஈட்டிக்காரன். உன் பேப்பர்ல போட்டுப் பாரு. வுட்டுட்டுப் போறதுதான் கணக்கு."

நிதானமாகத்தான் சொன்னாய். அந்த நிதானம்தான் என்னைப் பயமுறுத்தியது. உன்னைத் தூக்கி வண்டியில் போட எனக்குத் தெம்பு இல்லை, நீ வேண்டாம் என்று உட்கார்ந்தால் அதோடு முடிந்தது. கையிலிருந்த டீயைக் கீழே ஊற்றிவிட்டுக் கத்தினேன். "இருவது வருசமா அந்தக் கெழவன இட்டுகினு வரேன்னு என் உசுர வாங்கின. ஒரு பொம்மைக்கு நாலு பேர அனுப்புவ. உனுக்கு மட்டும் கயிறு வாணாமா? பேப்பரெல்லாம் எப்பவோ கிழிச்சிப் போட்டுட்டேன்டா. ஏறு வண்டில."

டீக்கடைக்காரர் நான் உன்னை அடிக்கப்போகிறேன் என்று நினைத்து நடுவில் வந்து நின்றார். நீ அவரைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். மெல்ல எழுந்து வந்து பின்னால் உட்கார்ந்தாய். தோளைப் பிடித்துக்கொண்டு, "கயிறு அறுந்துடப் போவுது பாய். பள்ளம் பாத்து மெதுவா போ" என்றாய். ஹெல்மெட்டுக்குள் எனக்குக் கண் தெரியவில்லை. அன்றைக்கு நாம் டிரெய்லரில் மோதாமல் போய்ச் சேர்ந்தது பெரிய விஷயம்.

அதற்கப்புறம் இரண்டு வருடம் நீ ஒரு நாளும் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. படுக்கையில் நீ, ஸ்டூலில் நான், ஆளுக்கொரு போன். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக உன் கையில் ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்த இடத்தில் என் விரலை வைத்து, "இன்ஜின் ஓடிகினு கீது பாரு" என்பாய். ஓடியது. தோலுக்கு அடியில் விர்ரென்று ஓடியது. சுமதி கூடையோடு உள்ளே வந்தால் உன் உடம்பைப் பற்றிக் கேட்கமாட்டாள். "கெழவன் எப்பிடி கீறான்?" என்று கேட்பாள். "கீறான், கீறான்" என்பாய்.

ஒருமுறை நான் உனக்காக விட்டுக்கொடுத்து ஆடினேன். கண்டுபிடித்துவிட்டாய். "பாவம் பாக்காத பாய், கலீஜா கீது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு டயாலிசிஸ் ஓடிய நான்கு மணி நேரமும் பேசவில்லை. அதனால்தான் அந்தக் கடைசித் திங்கட்கிழமை சாயங்காலம், என் மூன்று குதிரைக்காரர்களைக் கொண்டுபோய்க் கிழவன் பக்கத்தில் நிறுத்தினேன். அவனுக்கு இரண்டு உயிர்தான் மிச்சம், காசிமேட்டுக்கு நான்கு கட்டம் தள்ளி நின்றான். உன் குரல் பதிவு வந்தது. "கெழவன தொட்டே, அவ்ளோதான். நாளிக்கி வண்டில பேசிக்கறேன்."

மறுநாள் காலையில் நான் வண்டியோடு வந்து நின்றபோது சுமதி வாசலில் உட்கார்ந்திருந்தாள். தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார்கள். நான் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து உன் கையைத் தொட்டுப் பார்த்தேன். இன்ஜின் ஓடவில்லை.

எட்டு மாதமாக என்னை அரித்துக்கொண்டிருப்பது இதுதான். நான் உனக்குக் கடைசியாகச் செய்தது உன் கிழவனை மடக்கி நிறுத்தியதுதானே. இரண்டு வருடம் வண்டி ஓட்டியதை எல்லாம் மனது கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. இப்போதும் சனிக்கிழமைகளில், உன் பக்கத்துப் படுக்கையில் இருந்த எண்ணூர்க்காரரை நான்தான் கொண்டுபோய் விடுகிறேன். அவர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவார். நீ பேச்சில் சிக்கனம், அவர் அப்படி இல்லை. போகட்டும்.

இன்று வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, பாப்பாவின் போட்டோக்களை எல்லாம் என் போனுக்கு மாற்றினேன். பிறகு இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சுவரைப் பார்க்கவில்லை, மன்னித்துக்கொள். உன் போனில் கிழவனைத் தொட்டு, காசிமேட்டுப் பக்கமாக ஒரு கட்டம் நகர்த்தி, முறையை முடித்தேன்.

என் போன் 'டிங்' என்றது.

என் போனை எடுத்து, குதிரைகளைத் தொடாமல் என் முறையை முடித்தேன். நீ பார்த்திருந்தால் பாவம் பார்க்கிறேன் என்று திட்டியிருப்பாய். பாவம் பார்க்கவில்லை, கயிறு போடுகிறேன். மறுபடி உன் போன், மறுபடி 'டிங்'. மூன்றாவது கட்டத்தில் ஒரு மேடு. நான்காவது தடவை கிழவன் காசிமேட்டுக்குள் நுழைந்தான்.

பழக்கதோஷம், விரல் சுமதியின் எண்ணுக்குப் போய்விட்டது. அவள் எடுத்த பிறகுதான் என்ன சொல்வது என்று யோசித்தேன்.

"போட்டோல்லாம் எடுத்துட்டேன்மா" என்றேன். "அப்புறம்… கெழவன் வந்துட்டான்மா. கரைக்கு வந்துட்டான்."

அந்தப் பக்கம் ஏலச் சத்தம் கேட்டது. கொஞ்சம் தள்ளிப் போய் நின்றாள் போலிருக்கிறது, சத்தம் குறைந்தது.

"எத்தினி உசுரோட அண்ணே?"

"ரெண்டு."

"போதும்" என்றாள்.