திரைக்குப் பின்னால் பாடியவளுக்கு

இன்று காலையில் என் மகள் முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு வந்து நின்றாள். கழுத்துவரை வெள்ளை, அதற்குக் கீழே அவள் அப்பாவின் நிறம். ஏழு வயது. "இப்ப முன்னால நிக்க விடுவாங்கல்லா? நீ டீச்சர்ட்ட ஒண்ணும் பேசாத" என்றாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது, கூடவே ஆத்திரமும். கொஞ்சம் முரட்டுத்தனமாகவே அவள் முகத்தைக் கழுவிவிட்டேன்.

நாம் எட்டாம் வகுப்பில் இருந்தபோது வெளிநாட்டு விருந்தாளிகள் வந்தார்களே. வரவேற்பு நடனம் உனக்குத் தண்ணீர்பட்ட பாடு. பள்ளித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்து எனக்கு ஒவ்வோர் அடியாகச் சொல்லிக்கொடுத்தவளே நீதான். விழா அன்று பவுடர் பூசி நின்ற வரிசையை டீச்சர் பார்த்துவிட்டு, நீ போட்டோவில் இருட்டாக விழுவாய் என்று திரைக்குப் பின்னால் பாட அனுப்பினார். நீ கடலில் சங்கு குளிக்கிறவர் மகள். நான் வாத்தியார் வீட்டுப் பிள்ளை, எலுமிச்சை நிறம். உன் இடத்தில் என்னை நிறுத்தினார்கள். நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை. வந்திருந்த வெள்ளைக்கார அம்மா என் கன்னத்தைத் தட்டி, பாட்டு பிரமாதம் என்றார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது நீ சிரித்தாய். "ஏளா, அவங்க ஊர்ல கருப்பே கெடையாதோ? என்னப் பாத்தா வந்த கப்பலத் திருப்பிருவாங்கன்னு டீச்சருக்குப் பயம்." நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னையே அறையலாம் போலிருக்கிறது.

போன சனிக்கிழமை மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். வெளியூரிலிருந்து ஒருவர் வந்து பேசினார். வெளிநாடுகளில் வெள்ளைத் தோலுக்குக் கேட்காமலே கிடைக்கும் சலுகைகளையும், எல்லா வீட்டுப் பிள்ளைகளையும் பள்ளி எப்படிப் புரிந்து நடத்த வேண்டும் என்பதையும் படம் போட்டு விளக்கினார். நன்றாகத்தான் பேசினார். எங்கேயோ இருக்கிற பிள்ளைகளுக்காக எல்லோரும் உச்சுக்கொட்டினோம். கைதட்டிய கையோடு ஆண்டுவிழாப் பாட்டுக்குப் பிள்ளைகளை மேடையில் நிறுத்திப் பார்த்தார்கள். சிவந்த பிள்ளைகள் முன்னால். என் மகளும் இன்னும் நாலு பேரும் கடைசியில், மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால்.

எழுந்தேன். இவ்வளவு நேரம் கேட்ட பேச்சு எந்த ஊருக்கு என்று கேட்டேன். டீச்சர் சின்னப் பெண், பதறிவிட்டாள். "கேமராவுல முகம் தெளிவா விழணும்லா மேடம், அதுக்குத்தான். ஒங்க பிள்ளைய வேணும்னா முன்னால நிறுத்திருதேன்." அவள் சொல்லி முடிக்குமுன் மகள் ஓடிவந்து முன்னால் நின்றுவிட்டாள். மற்ற நாலு பேரும் அங்கேயே நின்றார்கள்.

"அந்த நாலு பேரும் வராம இவ நிக்க மாட்டா" என்றேன்.

படித்த திமிர் என்று ஓர் அம்மா என் காதுபடச் சொன்னார். பார்க்கலாம் என்று சொல்லித் தலைமையாசிரியர் கூட்டத்தை முடித்தார். அழுத மகளைக் கையைப் பிடித்து நானே பின்வரிசையில் கொண்டுபோய் விட்டேன். அன்றிலிருந்து அவள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. என் பாவத்தை இந்தச் சின்னதின் தலையில் இறக்குகிறேனோ என்ற பயத்தில்தான் தூங்காமல் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் கோபம் தணியவில்லை. பாதி அந்தப் பள்ளியின்மேல், மீதி என்மேல். மகள் என் நிறத்தில் பிறந்திருந்தால் எழுந்திருப்பேனா? மாட்டேன். முன்வரிசையில் அவளைப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பியிருப்பேன். நீ இருந்தால் கேட்டிருப்பாய், "இப்பத்தான் ஒனக்குச் சுடுதாக்கும்?"

நாளைக்கு மறுபடியும் போகிறேன். ஐந்து பேரும் முன்னால் வரும்வரை போவேன். ஆனால் போன வருஷம் நீ சாவதற்கு முன், காய்ச்சலில் கிடந்த உன்னைப் பார்க்க வந்தபோதுகூட, அந்த விழாவைப் பற்றி வாய் திறக்காமல் ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். 'அவ வராம நான் நிக்க மாட்டேன்' என்று பதின்மூன்று வயதில் நான் சொல்லியிருக்க வேண்டும். அது உனக்குச் சேர வேண்டிய சொல். இனி யாருக்காகச் சொன்னாலும் உனக்குச் சொன்னதாகாது.