திருகி அடக்கிய இன்ஜின்

மச்சான்,

காலையில் ஒர்க்‌ஷாப்புக்குள் ஒரு கார் வந்து நின்றது. ஆக்ஸிலேட்டரில் கால் இல்லை. ஆனாலும் இன்ஜின் தானாக உறுமி ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. பானெட்டைத் தூக்கினேன். நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஐடில் ஸ்குரூவின் தலையில் மஞ்சள் பெயின்ட் பொட்டு, நீங்கள் வைக்கும் அடையாளம். நீங்கள் கை வைத்த வண்டி. போய்ச் சேர்ந்த பிறகும் என் பிழைப்பில் மண் அள்ளிப் போடுகிறீர்கள்.

வண்டிக்காரர் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். தீவன மூட்டைகளுக்குப் பக்கத்தில்தான் காரை நிறுத்துவார். "நேத்து கேட்டைத் தொறந்த ஊட்டுக்காரி மேல பாயப் பாத்துச்சுங்க. பிரேக்கு புடிச்சதால தப்பிச்சா" என்றார். அடுத்த மூச்சிலேயே, "உங்க மச்சான் இருந்தா ஒரே திருகுல அடக்கிருவாருங்க" என்றார்.

உங்களை எல்லோருக்கும் பிடிக்கும். எனக்குத்தான் ஆகாது. அக்காவைக் கட்டியவர் என்பதற்காகத்தான் கூட்டுச் சேர்ந்தேன். கூட இருந்த காலமெல்லாம் நமக்குள் இந்த ஒரே சண்டைதான். எங்கேயோ ரப்பர் ஓஸ் குழாயில் ஓட்டை, அது வழியாகக் காற்று உள்ளே போகிறது, அதைத் தேடுவோம் என்பேன். "சத்தம் அடங்குனா செரி மாப்ள. வந்தவரு ஓஸுக்குள்ள எட்டியா பாக்கப் போறாரு?" என்று சிரித்தபடி ஸ்குரூடிரைவரை எடுப்பீர்கள். வந்தவரும் சிரித்துக்கொண்டே போவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இன்று திருகுவதற்கு ஸ்குரூவில் இடமே இல்லை. கடைசிவரை இறக்கிவிட்டுத்தான் போயிருக்கிறீர்கள். தேடத்தான் வேண்டும், நேரமாகும் என்றேன். "அப்ப வேற பக்கம் காட்டிக்கறனுங்க" என்று அவர் எழுந்துவிட்டார். நீங்கள் போனதிலிருந்து இப்படி எழுந்து போனவர்கள் நிறையப் பேர். அக்காவும் பிள்ளைகளும் இந்த வருமானத்தில்தான் சாப்பிடுகிறார்கள். இருந்தும் சாவியை என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். "ஊட்டுக்காரம்மா மேல ஏத்தறதுக்கா சாவி கேக்கறீங்க? உக்காருங்க" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சாவி போட்டு இன்ஜினை ஓடவிட்டு, தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒவ்வொரு ஓஸாகப் பீய்ச்சினேன். ஓட்டை இருக்கும் ஓஸில் தண்ணீர் பட்டால் காற்று அடைபட்டு உறுமல் குறையும். பின்பக்கம் கைக்கு எட்டாத சின்ன ஓஸ் நனைந்ததும் உறுமல் சட்டென்று இறங்கியது. இன்ஜினை நிறுத்திவிட்டு அதைக் கழற்றினேன். எலி கடித்த ஓட்டை. அதன்மேல் கறுப்பு டேப், சூட்டில் இளகி வாய் பிளந்து கிடந்தது. சுற்றிய விதத்தைப் பார்த்ததுமே உங்கள் கை என்று தெரிந்தது.

ஆக, தெரியாமல் திருகவில்லை. ஓட்டையைப் பார்த்திருக்கிறீர்கள். பார்த்துவிட்டு மூடியிருக்கிறீர்கள். இத்தனை காலம் உங்களை வேலை தெரியாதவர் என்றுதான் நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். அது எவ்வளவோ மேல்.

புது ஓஸ் மாட்டி ஸ்குரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். இன்ஜின் அமைதியாக ஓடியது. "உங்க மச்சான் ஒருநாளும் எங்களைக் காக்க வெச்சதில்லைங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் வண்டியை எடுத்தார். போகட்டும்.

பிசுபிசுத்த டேப் விரலை விட்டுப் போகவில்லை. மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்துக்கொண்டு நின்றபோதுதான் உங்கள் கடைசி மாதங்கள் ஞாபகத்துக்கு வந்தன. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்காருவீர்கள். டாக்டரிடம் காட்டச் சொல்லி அக்கா அழுவாள். "வாயுதான் புள்ள, சோடா குடிச்சா அடங்கிரும்" என்பீர்கள். அவள் நம்பினாள். நானும் நம்பினேன். உள்ளே என்ன என்று உங்களுக்கு அப்போதே தெரியும், இல்லையா?

இதை அக்காவிடம் சொல்ல மாட்டேன். இந்தக் கோபம் என்னோடு இருக்கட்டும். ஒரே ஒரு நாள் திரும்பி வாருங்கள், மச்சான். ஊரே பார்க்கச் சட்டையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போகிறேன்.