காயத்ரி பேரில் நின்றவர்

28 ஜனவரி 2022
எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். கவுன்சிலர் ஆவதற்காகவே பத்து வருஷமாகச் சட்டைக்குக் கஞ்சி போட்டு வந்த என் அக்கா மகள் காயத்ரியின் கணவர் உதயகுமார் ஒரு பெருமூச்சு விட்டார். கோயில் கோபுரத்துப் புறாக்கள் ஊருக்கு வெளியே ஓரிக்கையில் போய் விழுந்தன. சாயங்காலமே தெளிந்துவிட்டார். "காயத்ரி பேர்ல நானே நிக்கறேன் மாமா!" கூடுவிட்டுக் கூடு பாயும் வித்தை சித்தர்களோடு போயிற்று என்று எவன் சொன்னது?

6 பிப்ரவரி
போஸ்டர் வந்தது. மாப்பிள்ளையின் மீசை ஊர்க்கோடி செவிலிமேடு வரை நீள்கிறது. மூலையில், தீப்பெட்டிப் படம்போல் காயத்ரி. "உனக்கு இதுல இஷ்டமாமா?" என்றேன்.
"மழை பேஞ்சா தறிக்குழியில சாக்கடை நிக்குது மாமா. அதுல கால வச்சித்தான் அம்மா நெய்யுது. கால்வாய் வந்தா போதும். போஸ்டர்ல அவுரு மூஞ்சியே இருக்கட்டும்."


19 பிப்ரவரி
ஓட்டுப்பதிவு. "எனக்கு ஓட்டுப் போடுங்க" என்று தெருத்தெருவாக முழங்கினாரே, பலன் கிடைத்தது. பக்கத்து வீட்டு இந்திராணி சாவடியிலிருந்து வந்து, "மிஷின்ல உதயகுமாருன்னு பேரே இல்லபா! கடைசியா இருந்தத அமுக்கிட்டேன்" என்றாள். மாப்பிள்ளை முகத்தில் சுண்ணாம்பு. காயத்ரி அடுப்பை அணைத்துவிட்டு, பிறந்து வளர்ந்த தெருவிலேயே வாசல் வாசலாகத் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு போனாள்.

22 பிப்ரவரி
மயிரிழையில் ஜெயித்துவிட்டாள்! தெருக்கோயிலில் பரிவட்டம் யார் தலையில்? மாப்பிள்ளை தலையில். பெண்களுக்குக் கட்டுகிற வழக்கமில்லையாம். வாதாபியை எரித்துவிட்டு வந்த பல்லவன்கூட இப்படித் தலைநிமிர்ந்திருக்க மாட்டான்.

2 மார்ச்
பதவியேற்பு. உள்ளே அவள் உறுதிமொழி. வெளியே இவர் மனு வாங்குகிறார்.
"பேரு என்னுது, கையெழுத்து என்னுது. வாய் மட்டும் அவுர்துன்றாரு மாமா." கண் கலங்கிவிட்டது அவளுக்கு.
இன்னா மனுஷன்டா இவன்! — மாப்பிள்ளையாச்சே, வாயைத் திறக்க முடிகிறதா?

9 மே
நேற்று கோடை மழை. தறிக்குழிகளில் சாக்கடை. காலையில் போனால் காயத்ரி வீட்டில் இல்லை. மாப்பிள்ளை கூடத்தில் கால்மேல் கால் போட்டு, எனக்கும் கேட்கட்டுமென்று ஸ்பீக்கரில் மாநகராட்சி இன்ஜினியரைப் பிடித்தார்.
"கவுன்சிலர் பேசறேன்."
"கவுன்சிலர் என் பக்கத்துல, முழங்கால் தண்ணியில நின்னுக்கினு இருக்காங்க சார். நீங்க யாரு?"
மாப்பிள்ளை போனை அணைத்தார். தெருமுனையில் கால்வாய் தோண்ட வந்த பொக்லைன் உறுமியது. சற்று நேரம் காலாட்டிக்கொண்டிருந்தவர், எழுந்து அடுப்பங்கரைக்குப் போய் உப்புமா கிண்டினார். உப்பே போடவில்லை.
இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.